ஜோ டானிஹரின் 2021: பிரிஸ்பேனில் முதல் வருடம் நல்ல வருடமா, இல்லையா?

கேள்வி இது: "2020 முடிவில் எஸ்ஸன்டனை விட்டு பிரிஸ்பேன் லயன்ஸுக்குப் போன ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆட்டக்காரர் ஜோ டானிஹரின் முதல் சீசனை எப்படி மதிப்பிடுவீர்கள்? ஒரு வாரம் ஆட்டத்தையே தூக்கிக்கொண்டு போகிறார், அடுத்த வாரம் மைதானத்தில் இருக்கிறாரா என்றே தெரியவில்லை. இப்படிப்பட்ட ஆளுக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பது?"

என் பதில் பத்துக்கு ஏழரை. (சனியை நினைக்க வேண்டாம், அது எஸ்ஸன்டனிலேயே முடிந்துவிட்டது.) அந்த ஏழரையில் பெரும்பங்கு கோலுக்கு இல்லை, அவர் அந்த வருடம் 24 ஆட்டமும் ஆடினார் என்பதற்கு. அதெப்படி, களத்தில் இறங்கியதற்கே மதிப்பெண்ணா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அதைப் புரியவைக்க அவர் எந்த நிலைமையில் பிரிஸ்பேனுக்கு வந்தார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதற்கு முன்னால், ஃபுட்டி என்ற இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. அதன் பெரிய லீக்கான ஏ.எஃப்.எல்-லில் ஒரு பக்கம் 18 பேர், முட்டை வடிவ மைதானம், இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், வெறும் 1 புள்ளி. வேறொருவர், எந்த அணியானாலும் சரி, குறைந்தது 15 மீட்டர் உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்தால் மார்க். மார்க் பிடித்தவர் நிதானமாகப் பின்னால் போய், யாரும் தன்மேல் பாயாமல், குறிபார்த்து உதைக்கலாம்; அதுதான் செட் ஷாட். டானிஹர் 201 சென்டிமீட்டர் உயரம், இடது கால்காரர், கோல் முனையில் நின்று மார்க் பிடித்து கோல் அடிப்பதுதான் வேலை. இந்த இடத்தை கீ ஃபார்வர்ட் என்பார்கள்.

இப்போது கதைக்கு வருவோம். டானிஹர் என்ற பெயருக்கு எஸ்ஸன்டனில் இருக்கும் கனம் வேறு எந்த கிளப்பிலும் எந்தக் குடும்பத்துக்கும் இருக்குமா என்பது சந்தேகம். பெரியப்பா டெரி 1984, 1985 இரண்டு பட்டங்களுக்கும் கேப்டன். டெரி, நீல், ஆன்டனி, கிறிஸ் என்று அண்ணன் தம்பி நான்கு பேரும் 1990-ல் ஒரே ஆட்டத்தில் எஸ்ஸன்டனுக்காக இறங்கினார்கள். ஜோ அந்த ஆன்டனியின் மகன். அப்பா ஆடிய கிளப் மகனை முன்னுரிமையில் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியின்படி கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2012-ல் 10-வது தேர்வாக உள்ளே வந்தார். வந்த நேரம் பாருங்கள், அடுத்த வருடமே ஊக்க மருந்து விவகாரம் வெடித்தது, 2016-ல் அப்போதைய ஆட்டக்காரர்களும் பழைய ஆட்டக்காரர்களுமாக 34 பேருக்குத் தடை. அந்த மருந்துத் திட்டம் நடந்த 2012 சீசனில் ஜோ கிளப்பிலேயே இல்லை, அதனால் தப்பித்தார். தப்பித்தவர் என்ன செய்ய, மூன்றே வெற்றியோடு கடைசி இடத்தில் முடித்த அணியின் முன்வரிசையைத் தோளில் தாங்க வேண்டியிருந்தது.

2017 அவருடைய வருடம். 65 கோல், லீக்கின் அந்த வருடச் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து அறிவிக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம், கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது, போதாததற்கு அந்த வருடத்தின் சிறந்த மார்க்கும் அவருடையதே. 23 வயது. இனி பத்து வருடத்துக்கு இவர்தான் என்று எல்லோரும் எழுதினார்கள். அப்புறம் இடுப்பெலும்பு முன்பக்கம் சேரும் இடத்தில் வரும் அழற்சி. ஓடி, எம்பி, உதைத்துப் பிழைப்பவர்களைக் குறிவைத்துத் தாக்கும் வலி அது, ஓய்வெடுத்தால் போன மாதிரி இருக்கும், ஓட ஆரம்பித்தால் திரும்பி வரும். 2018-ல் 7 ஆட்டம், 2019-ல் 4, 2020-ல் 4. மூன்று வருடத்தில் மொத்தம் 15 ஆட்டம். நடுவில் 2019 முடிவில் சிட்னிக்குப் போக வேண்டும் என்று கேட்டார், கேட்ட விலை கிடைக்கவில்லை என்று எஸ்ஸன்டன் விடவில்லை. ஒரு வருடம் கழித்து ஒப்பந்தம் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்டாக பிரிஸ்பேனுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆக, 2021 மார்ச்சில் பிரிஸ்பேன் கையில் இருந்தது என்ன? நான்கு வருடத்துக்கு முன் லீக்கின் மிகச் சிறந்த முன்வரிசைக்காரர்களில் ஒருவராக இருந்து, அதற்குப் பிறகு ஒரு முழு சீசன்கூட உடம்பு ஒத்துழைக்காத, 27 வயது ஆள். எத்தனை கோல் அடிப்பார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஜூன் மாதம் வரை நடமாடுவாரா என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. இந்தத் தொடக்கப்புள்ளியை மறந்துவிட்டு "2017 மாதிரி ஆடவில்லையே" என்று 2021-ஐ அளப்பவர்களோடுதான் எனக்குச் சண்டை.

அந்த வருடம் லயன்ஸ் 22 லீக் ஆட்டமும் 2 இறுதிச்சுற்று ஆட்டமும் ஆடியது. இருபத்துநான்கிலும் டானிஹர் இருந்தார். 46 கோல். அதே வருடம் லீக்கிலேயே அதிக கோல் அடித்து கோல்மன் பதக்கம் வாங்கிய கார்ல்டனின் ஹாரி மக்கே அடித்தது 58. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நூறு கோல் அடித்த முன்வரிசைக்காரர்கள் இருந்தார்கள் என்பதால் 46 சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் 2021 சமயத்து ஆட்டத்தில் எதிரணி மொத்தமும் பின்னால் இறங்கி வழியை அடைத்து நின்றது, கோல்மன் பதக்கமே அறுபதுக்குப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அந்தக் கணக்கில் 46 நல்ல எண். மிகச் சிறந்த எண் இல்லை, நல்ல எண். மூன்று வருடம் படுத்திருந்துவிட்டு வந்தவருக்கு இது போதாதா?

சரி, நீங்கள் கேட்டது மொத்தத்தைப் பற்றி இல்லை, ஏற்ற இறக்கத்தைப் பற்றி. அந்தக் குற்றச்சாட்டு பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. 24 ஆட்டத்துக்கு 46 என்றால் சராசரி இரண்டுக்குச் சற்றுக் குறைவு, ஆனால் வாராவாரம் இரண்டு இரண்டாக வந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள். டானிஹர் அப்படி ஆடுகிறவர் இல்லை. கொத்தாக வரும், அப்புறம் வறண்டுவிடும். நம் ஏரிப் பாசனம் மாதிரிதான், மழை பெய்த வருடம் கரை உடையும், பெய்யாத வருடம் மாடு மேயும். ஆனால் இந்த ஏற்ற இறக்கத்தை ஒரே மூட்டையாகக் கட்டி "நிலையில்லாத ஆட்டக்காரர்" என்று எழுதி ஒட்டிவிடுவது சோம்பேறித்தனம். அதில் குறைந்தது மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன, எல்லாவற்றுக்கும் அவரைத் திட்ட முடியாது.

முதலாவது, கீ ஃபார்வர்டின் வேலையே அப்படி. நடுக்களத்தில் ஆடுகிறவர் பந்தைத் தேடிப் போகலாம். கோல் முனையில் நிற்பவருக்கு யாராவது பந்தைக் கொண்டுவந்து தர வேண்டும். நடுக்களம் தோற்கிற வாரம் அவர் என்ன செய்வார்? லாச்சி நீல் 2020-ல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கியவர், அணியின் நடுக்களமே அவரைச் சுற்றித்தான் ஓடியது. 2021-ல் அவருக்குக் காயம் வந்து சில வாரங்கள் வெளியே இருந்தார். உள்ளே வருகிற பந்தின் தரம் அந்த வாரங்களில் இறங்கத்தான் செய்யும். அதோடு எதிரணியின் மிகச் சிறந்த தடுப்பாளர் வாராவாரம் யார்மேல் போய் நிற்பார்? 2021-ல் அது பெரும்பாலும் டானிஹர்தான். மெல்போர்ன் அணியில் ஸ்டீவன் மே, ஜேக் லீவர் என்று ஒரே வருடத்தில் ஆல்-ஆஸ்திரேலியன் ஆன இரண்டு தடுப்பாளர்கள். அவர்களுக்கு எதிரே நின்று எவரும் லேசில் கோல் அடித்துவிட்டுப் போகவில்லை.

பிரிஸ்பேனின் சொந்த மைதானமான காபாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் நம்ம நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் டெஸ்ட் அறிமுகம் ஆன அதே மைதானம்தான். குயின்ஸ்லாந்தில் இரவு ஆட்டம் என்றால் பனியும் புழுக்கமும் சேர்ந்து பந்து சோப்பு போட்டது போல வழுக்கும், உயரக்காரர்களுக்குத் தலைக்குமேல் இரண்டு கையால் பிடிப்பது அன்றைக்குச் சூதாட்டம். மெல்போர்னில் கூரை போட்ட மைதானத்தில் வளர்ந்தவர் வருடத்தில் பாதி ஆட்டத்தை இங்கே ஆடினார்.

இரண்டாவது விஷயம் அவருடையதே, யார்மேலும் தள்ள முடியாது. உதை. டானிஹர் நேராக நின்று உதைக்க வேண்டிய 30 மீட்டர் ஷாட்டைத் தவறவிட்டுவிட்டு, அடுத்த ஐந்து நிமிடத்தில் எல்லைக்கோட்டை ஒட்டி, யாருமே எதிர்பார்க்காத கோணத்திலிருந்து பந்தைச் சுழற்றி உள்ளே அனுப்பிவிடுவார். எஸ்ஸன்டன் காலத்திலிருந்தே இதே கதைதான். யோசிக்க நேரம் இல்லாதபோது கால் சரியாகப் போகிறது, நேரம் கொடுத்தால் தடுமாறுகிறது. செட் ஷாட்டுக்கே நேராக ஓடிவந்து உதைப்பதை விட்டுவிட்டு உடம்பைத் திருப்பி வளைத்து உதைப்பதை அவர் அடிக்கடி தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம். 2021-ல் புதிதாக ஒரு விதியும் வந்தது: மார்க் பிடித்த இடத்துக்கு எதிரே நிற்கும் ஆட்டக்காரர் இடம்வலமாக அசையாமல் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். வளைத்து உதைக்கிறவருக்கு அது கையில் கொடுத்த சலுகை. அவர் விடுவாரா?

இதில் வேடிக்கை, பிரிஸ்பேன் இவரை எடுத்த காரணத்தை யோசித்தால் தெரியும். 2019-லும் 2020-லும் லயன்ஸ் லீக் பட்டியலில் இரண்டாம் இடம். 2019 இறுதிச்சுற்றின் முதல் வாரத்து ஆட்டமான குவாலிஃபையிங் ஃபைனலில் ரிச்மண்டுக்கு எதிராக 8 கோல் 17 பிஹைண்ட், எதிரணி 18 கோல் 4 பிஹைண்ட். வாய்ப்பு இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட சமம், தோற்றது 47 புள்ளியில். அதாவது, குறிதவறி உதைப்பதால் இறுதிச்சுற்றில் அடிபட்ட ஒரு கிளப், குறிதவறி உதைப்பதற்குப் பெயர்போன ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது! அன்றைக்கு இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் நிறைய. ஆனால் பயிற்சியாளர் கிறிஸ் ஃபேகன் தேடியது நேராக உதைக்கும் காலை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். உயரப் பந்துக்குப் போட்டி போடும் ஓர் உடம்பு அவர்களிடம் குறைவாக இருந்தது. எரிக் ஹிப்வுட் உயரம்தான், ஆனால் இளம் வயது, ஒல்லி. டான் மக்ஸ்டே உழைப்பாளி. இந்த இரண்டு பேருக்கும் எதிரணியின் முதல் இரண்டு தடுப்பாளர்கள் போய்விட்டால் மேட்டர் முடிந்தது. மூன்றாவதாக டானிஹர் வந்ததும் அந்தக் கணக்கு கலைந்தது.

மூன்றாவது விஷயம்தான் பலரும் பார்க்காதது: கோல் பட்டியலில் பெயர் வராத வாரங்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? உயரக்காரரின் வேலை மார்க் பிடிப்பது மட்டுமில்லை. பிடிக்க முடியாவிட்டால் எதிரணியும் பிடிக்காதபடி பந்தைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் சிந்தும் பந்துக்குக் காத்திருப்பவர்கள் குள்ளமான, வேகமான ஆட்டக்காரர்கள். பிரிஸ்பேனில் அப்போது சார்லி காமெரன், லிங்கன் மக்கார்த்தி, ஜாக் பெய்லி. அந்த வருடம் அணியில் அதிக கோல் அடித்தது டானிஹர் இல்லை, காமெரன். அது தற்செயலா? இரண்டு தடுப்பாளர்கள் டானிஹரோடு எம்பி மூன்று பேருமாகச் சரிந்து விழும்போது கீழே தனியாக நிற்பவர் யார் என்று பாருங்கள். 2021 லீக் ஆட்டங்களில் மொத்தமாக அதிகப் புள்ளி எடுத்த அணி, பட்டம் வென்ற மெல்போர்ன் இல்லை, பிரிஸ்பேன். அந்த முன்வரிசைக்கு நடுத்தூண் டானிஹர். தூணுக்கு எத்தனை கோல் என்று மட்டும் எண்ணினால் எப்படி?

அப்புறம் ரக் வேலை. ஆட்டம் மறுபடி தொடங்கும்போது நடுவர் மேலே அனுப்பும் பந்துக்கு எம்பித் தட்டுகிறவர்தான் ரக். பிரிஸ்பேனில் அது ஆஸ்கார் மக்கினெர்னி. அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் இறங்கியவர்களில் டானிஹர் முக்கியமானவர். இடுப்பு அழற்சியில் மூன்று வருடம் போன ஒருவரை, 100 கிலோ ஆட்களோடு மோதி எம்பும் வேலைக்கு அனுப்பினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். சில ஆட்டங்களில் நான்காவது கால்பகுதியில் அவர் கால் தளர்ந்து தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் வைத்துக்கொள்கிறேன். சோம்பேறித்தனம் என்று எழுதினவர்களை ஒருதரம் அந்த மோதலுக்குள் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும்.

சீசனின் ஓட்டத்தையும் கொஞ்சம் பார்ப்போம். ஆரம்பமே கோணல். முதல் சுற்றில் சொந்த மைதானத்திலேயே சிட்னியிடம் தோல்வி. இரண்டாம் சுற்றில் ஜீலாங்கில் போய் ஒரே புள்ளியில் தோல்வி. மார்ச் கடைசியில் பிரிஸ்பேனில் கோவிட் ஊரடங்கு, அதனால் காபாவில் நடக்க வேண்டிய காலிங்வுட் ஆட்டம் மெல்போர்னுக்கு மாறியது. அந்த ஆட்டத்தில் சைரன் அடித்த பிறகு ஜாக் பெய்லி உதைத்த கோலில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் தப்பித்தார்கள். நான்காவது சுற்றில் பல்லராட்டில் புல்டாக்ஸிடம் தோல்வி. நான்கு ஆட்டத்தில் ஒரே வெற்றி, அணி வீட்டை விட்டு வெளியே கிடக்கிறது, புதுசாக வந்த பெரிய பெயர்மேல் எல்லோர் கண்ணும். ஐந்தாவது சுற்றில் காபாவுக்குத் திரும்பினால் எதிரணி யார் என்றால் எஸ்ஸன்டன்! 57 புள்ளி வித்தியாசத்தில் லயன்ஸ் ஜெயித்தது. அங்கிருந்து தொடர்ச்சியாக ஏழு வெற்றி. பழைய கிளப்பை எதிர்த்து முதல்முறை ஆடுகிற நாளில் தடுமாறிப்போன ஆட்டக்காரர்கள் பலர். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஏதோ பாரம் இறங்கின மாதிரி எனக்குத் தெரிந்தது. இதை நிரூபிக்க வழியில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

ஜூலையில் பெரிய அடி. ஹிப்வுட்டின் முழங்கால் தசைநார் கிழிந்து சீசன் முடிந்தது. கேம் ரெய்னர் ஏற்கெனவே சீசன் தொடங்கும் முன்பே அதே காயத்தில் போயிருந்தார். மூன்று உயரக்காரர்கள் என்று போட்ட திட்டம் இரண்டாகச் சுருங்கியது, எந்த நெருக்கடியிலிருந்து விடுபட டானிஹரைக் கொண்டுவந்தார்களோ அதே நெருக்கடி இப்போது அவர் தலையிலேயே விழுந்தது. "ஆண்டின் பின்பாதியில் மங்கிவிட்டார்" என்ற விமர்சனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மங்கினார் என்றால் எதனால் என்றும் கேட்க வேண்டாமா? பக்கத்தில் நின்று பாரத்தைப் பகிர்ந்தவர் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கிறார். தடுப்பாளர்களுக்கு இனி ஒரே ஒரு பெரிய தலைவலிதான்.

அப்படியும் கடைசிச் சுற்றில் வெஸ்ட் கோஸ்ட்டை அடித்து, புல்டாக்ஸும் லயன்ஸும் தலா 15 வெற்றியோடு நிற்க, அடித்த புள்ளிக்கும் கொடுத்த புள்ளிக்கும் உள்ள விகிதத்தில் மயிரிழை முன்னேறி நான்காம் இடம் பிடித்தார்கள். நான்காம் இடம் என்றால் இறுதிச்சுற்றில் ஒரு தோல்விக்கு மன்னிப்பு உண்டு. அந்த விகிதத்தைத் தூக்கியது எது? வருடம் முழுக்க அள்ளிக் குவித்த புள்ளிகள். ஆறு கோல் குறைந்திருந்தால் ஐந்தாம் இடம்தான். 46 கோலில் எதை வேண்டாம் என்று சொல்வீர்கள்?

இறுதிச்சுற்று மட்டும் கசப்பு, அதை மூடி மறைக்க மாட்டேன். அடிலெய்டில் மெல்போர்னிடம் 33 புள்ளியில் தோல்வி. அடுத்த வாரம் காபாவில் அதே புல்டாக்ஸிடம் 79க்கு 78. ஒரே ஒரு பிஹைண்ட்! அந்த மாதிரி ஒரு இரவில் அணியில் ஒருவர்கூட நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள், ஆளாளுக்குத் தவறவிட்ட உதை ஒன்று ஞாபகம் வரும். பெரிய ஆட்டத்துக்காகக் கொண்டுவந்த பெரிய ஆள் இரண்டு பெரிய ஆட்டத்தையும் அணிக்கு ஜெயித்துத் தரவில்லை என்பது உண்மை. பத்திலிருந்து நான் கழித்த இரண்டரையில் ஒன்று இதற்கு, மீதி ஒன்றரை நேராக நின்று உதைக்க வேண்டிய அந்தச் செட் ஷாட்டுகளுக்கு. அவை கொஞ்சம் ஒழுங்காகப் போயிருந்தால் மக்கேயைத் துரத்தியிருக்கலாம்.

புது கிளப்பில் முதல் வருடம் என்பதைத் தனியாக எடைபோட வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த எதிர் உதாரணம் பிராடி கிரண்டி. 2018, 2019 இரண்டு வருடமும் ஆல்-ஆஸ்திரேலியன் ரக். 2022 முடிவில் காலிங்வுட் அவரை மெல்போர்னுக்கு அனுப்பியது. அங்கே ஏற்கெனவே மேக்ஸ் கான், லீக்கின் தலைசிறந்த ரக்குகளில் ஒருவர், கேப்டன் வேறு. இருவரையும் ஒன்றாக ஆடவைத்து, கிரண்டியைக் கோல் முனையில் நிறுத்திப் பார்த்தார்கள், அது அவருடைய வேலையே இல்லை. நடுவில் இரண்டாம் நிலை அணியான கேஸிக்கு அனுப்பினார்கள், இறுதிச்சுற்றில் இடமே கொடுக்கவில்லை. 17 ஆட்டத்தோடு அந்த வருடம் முடிந்தது, அடுத்த வருடம் சிட்னிக்குப் போய் முதல் ரக்காக மறுபடி எழுந்தார். ஆள் அதே ஆள்தான். கிரண்டியை மெல்போர்ன் எடுத்தது இடம் இல்லாத வீட்டுக்குக் கட்டில் வாங்கின கதை. டானிஹருக்கு பிரிஸ்பேன் சரியான இடத்தைக் காலியாக வைத்திருந்தது. அதனால்தான் டானிஹரின் ஏற்ற இறக்கங்கள் அணியைக் கவிழ்க்கவில்லை. வறண்ட வாரத்திலும் அவருக்கு அங்கே செய்வதற்கு ஒரு வேலை இருந்தது.

விலையையும் பேச வேண்டும். ஃப்ரீ ஏஜென்ட் என்பதால் பிரிஸ்பேன் ஓர் ஆட்டக்காரரையோ டிராஃப்ட் தேர்வையோ விட்டுக்கொடுக்கவில்லை, சம்பள வரம்புக்குள் மூன்று வருட ஒப்பந்தம், அவ்வளவுதான். எஸ்ஸன்டனுக்கு லீக் ஈடாக ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது, அதையும் சேர்த்து அவர்கள் அந்த டிராஃப்டில் 8, 9, 10 என்று அடுத்தடுத்து மூன்று இளைஞர்களை எடுத்தார்கள். அதனால் "கொடுத்த காசுக்கு ஆடினாரா" என்று எஸ்ஸன்டன் ரசிகர்கள் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

பிற்பாடு நடந்ததை வைத்து 2021-க்கு மதிப்பெண் கூட்டக்கூடாது என்பதில் நான் கறார். ஆனாலும் தகவலுக்காக: 2022 இறுதிச்சுற்றில் ரிச்மண்டை இரண்டு புள்ளியில் வென்றபோது வெற்றி கோல் அவருடையது. 2023-ல் 61 கோல். 2024 அரையிறுதியில் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி (ஜி.டபிள்யூ.எஸ்) அணிக்கு எதிராக 44 புள்ளி பின்தங்கியிருந்து திரும்பி வந்த ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் முன்னிலை கொடுத்ததும் அவர்தான். எஸ்ஸன்டனில் 108 ஆட்டத்தில் 191 கோல், பிரிஸ்பேனில் 96 ஆட்டத்தில் 204. குறை எதுவும் மறையவில்லை, நேர் உதையைத் தவறவிட்டுக் கோணலில் அடிக்கும் பழக்கம் கடைசிவரை இருந்தது. உடம்பு மட்டும் தாங்கியது. அந்த உடம்பு தாங்கும் என்று முதன்முதலில் காட்டிய வருடம் 2021. இதனால்தான் அந்த 24 ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

2024 கிராண்ட் ஃபைனலில் பிரிஸ்பேன் 60 புள்ளியில் ஜெயித்து, டானிஹர் சில நாளிலேயே 30 வயதில் ஓய்வை அறிவித்தார். தோற்ற அணி சிட்னி. 2019-ல் அவர் போக ஆசைப்பட்டு, விலை படியாமல் நின்றுபோன அதே சிட்னி. அன்றைக்கு அந்த அணியின் ரக் யார் என்று கேட்டால், பிராடி கிரண்டி.